பொது நலத்தின் கணக்கு – 11: பெரும்பான்மை சுற்றி வந்த வட்டம்

சென்ற பகுதியில் பெந்தாமையும் அவர் வழிவந்த எட்ஜ்வர்த்தையும் கண்டோம். மனிதர் ஒவ்வொருவரும் அடையும் இன்பத்தை அளந்து, அதிலிருந்து துன்பத்தைக் கழித்து, எஞ்சியதை நாட்டார் அனைவருக்குமாகக் கூட்டிப் பார்த்தால், எந்தச் சட்டம் நல்லது, எந்த வரி தீயது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்ற பெருநம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் பலரை ஆட்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை எவ்வாறு தளர்ந்தது, அது தளர்ந்த இடத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடம் எப்படி ஒரே ஒரு தேற்றத்தினால் ஆட்டங்கண்டது, அதற்கு மீண்டும் அஸ்திவாரம் தேடியவர்கள் எங்கே தேடினார்கள் என்பனவே இப்பகுதியின் செய்திகள்.

தராசு பறிபோனது

1932-ஆம் ஆண்டில், லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் பேராசிரியராக இருந்த லயனல் ராபின்ஸ், பொருளாதார சாஸ்திரத்தின் இயல்பையும் முக்கியத்துவத்தையும் ஆராய்ந்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். செல்வரிடமிருந்து ஒரு பவுனை வாங்கி வறியவர் கையில் கொடுத்தால் நாட்டின் மொத்தத் திருப்தி பெருகும் என்று பேராசிரியர்கள் அதுகாறும் போதித்துவந்ததை அந்நூல் மறுத்தது. வறியவர்க்கு உதவலாகாது என்பதன்று ராபின்ஸின் வாதம். ஒருவர் மனத்தில் எழும் திருப்தியை மற்றொருவர் மனத்தில் எழும் திருப்தியோடு வைத்து நிறுத்துப் பார்க்க எந்த விஞ்ஞானத் தராசும் கிடையாது, ஆகையால் உதவ வேண்டும் என்பது அறத்தின் தீர்ப்பாக இருக்கலாமேயன்றிச் சாஸ்திரத்தின் முடிவாக இருக்க முடியாது என்பதே அவர் சொன்னது.

இந்த முடிவுக்குத் தாம் வந்த வழியை 1938-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் விளக்கியிருக்கிறார். அதில் வருவது நம் நாட்டைப் பற்றிய ஒரு கதை. சர் ஹென்றி மெய்னின் எழுத்துக்களில் கண்டதாக அவர் நினைவுகூரும் அக்கதையின்படி, இந்தியாவில் பணியாற்றிய அதிகாரி ஒருவர் பெந்தாமின் சித்தாந்தத்தை ஒரு பிராமணருக்கு விளக்க முயன்றார். அது எப்படிச் சரியாகும் என்று கேட்ட அந்தப் பிராமணர், அப்பால் நின்ற தீண்டாதார் ஒருவரைச் சுட்டி, அவரைக் காட்டிலும் பத்து மடங்கு இன்பத்தை அனுபவிக்கும் சக்தி தமக்கு உண்டு என்று பதில் உரைத்தாராம். கேட்கவே நெஞ்சு பதறும் பேச்சு இது. ராபின்ஸுக்கும் அந்தப் பிராமணரிடத்தில் அநுதாபம் சிறிதும் இல்லை. மனிதர் அனைவரையும் சமமாகவே பாவித்து நடப்பதுதான் தகும் என்பதை அவர் ஒப்புக்கொண்டவர். ஆனால், அந்த மனிதரின் கூற்று பிழை என்பதை, இரும்பின் எடையை நிரூபிப்பதுபோல, பரிசோதனையால் நிரூபித்துக் காட்டுவது எங்ஙனம் என்ற கேள்வி அவரை விடவில்லை. நிரூபிக்க வழியில்லையென்றால் அதைச் சாஸ்திரம் என்ற பெயரால் பேசலாகாது என்று அவர் துணிந்தார். அவர் துணிந்த பின் இளம் பொருளியலாளர் பலரும் அவ்வழியே சென்றனர்.

அளவுகோல் போன பிறகு எஞ்சியது என்ன? வரிசை மட்டுமே. ஒருவர் காப்பியை விரும்புவது தேநீரை விரும்புவதினும் எத்தனை பங்கு அதிகம் என்று சொல்ல இயலாவிட்டாலும், இரண்டில் எதனை முதலில் எடுப்பார் என்பதைச் சொல்லலாம். லோசான் நகரில் ஆசிரியராக விளங்கிய இத்தாலியர் வில்ஃபிரெடோ பரேட்டோ, சந்தையின் போக்கை விளக்குவதற்கு இந்த வரிசையே போதும், இன்பத்தின் எடை வேண்டுவதில்லை என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். யுக்திக்கு இசைய நடப்பவன் என்று ஒருவனைச் சொல்லுவதற்கும் இதற்குமேல் எதுவும் தேவையில்லை என்றாயிற்று. முதற்பொருளை இரண்டாவதினும், இரண்டாவதை மூன்றாவதினும் மேலாகக் கொண்டவன், முதற்பொருளை மூன்றாவதினும் மேலாகக் கொள்வானாயின், அவன் விருப்பம் ஒழுங்குடையது. பொது நலத்திற்குப் பரேட்டோ தந்த அளவையும் இத்தகையதே: ஒருவருக்கும் கேடு வராமல் ஒருவருக்கேனும் நன்மை விளையுமானால் அந்த மாறுதல் நல்லது.

இந்த அளவையை மறுப்பார் யாரும் இலர். ஆனால் உலகத்தில் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி இது வாய் திறப்பதில்லை. ஒருவரிடம் நாட்டின் நிலம் முழுவதும் குவிந்திருக்க, ஏனையோர் பட்டினி கிடக்கும் நிலையிலும், அந்த ஒருவரிடமிருந்து ஒரு காணி நிலத்தை எடுத்தால் அவருக்குக் கேடு விளையும். ஆதலால் அதனை நல்லதென்று சொல்லப் பரேட்டோவின் அளவை இடம் தராது. இந்த மௌனத்தைப் போக்கவே 1938-இல் ஆப்ரம் பெர்க்சனும், 1947-இல் வெளியான தமது பெருநூலில் பால் சாமுவேல்சனும், சமூகம் முழுவதற்கும் ஒரு நல வரிசை உண்டென்று கொண்டு அதன் இலக்கணத்தை வகுத்தார்கள். அந்த வரிசையை யார் தருவது, எங்கிருந்து பெறுவது என்பதை அவர்கள் திறந்தே விட்டுவைத்தார்கள். ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ளவர் எவரும் மக்களின் விருப்ப வரிசைகளிலிருந்தே அதனைப் பெறவேண்டும் என்றுதான் சொல்லுவர். பல விருப்ப வரிசைகளைத் திரட்டி ஒரே வரிசையாக்குவதென்றால் அது வாக்கெடுப்பின் பிரச்சினையே. பொருளாதார அறிஞர் பெரும்பாலோர் அறியாதிருந்த செய்தி என்னவெனில், இந்தப் பிரச்சினையின் முள்ளை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பாரிஸ் நகரத்தில் இருவர் கண்டுபிடித்திருந்தனர் என்பதே.

அகாதெமியில் இருவர்

அவருள் மூத்தவர் ழான் ஷார்ல் தெ போர்தா. கடற்படை அதிகாரி, கணிதத்திலும் கருவிகள் சமைப்பதிலும் கைதேர்ந்தவர். 1770-இல் பிரெஞ்சு விஞ்ஞான அகாதெமியில் அவர் படித்த கட்டுரை தேர்தல் முறையைப் பற்றியது. ஒவ்வொருவரும் ஒரு பெயரை மட்டும் எழுதிப் போட, அதிக வாக்கு வாங்கியவர் வென்றதாக அறிவிக்கும் வழக்கம் எத்தனை பெரிய தவறுக்கு இடந்தரும் என்பதை ஓர் உதாரணத்தால் அவர் விளக்கினார். அதனைச் சற்று நின்று பார்ப்பது நன்று.

வாக்காளர் 21 பேர். வேட்பாளர் 'க', 'ச', 'ம' என மூவர். ஒருவர் க, ச, ம என்ற வரிசையிலும், 7 பேர் க, ம, ச என்ற வரிசையிலும், 7 பேர் ச, ம, க என்ற வரிசையிலும், 6 பேர் ம, ச, க என்ற வரிசையிலும் அவர்களை விரும்புகிறார்கள். முதற்பெயரை மட்டும் எண்ணினால் 'க'வுக்கு 8, 'ச'வுக்கு 7, 'ம'வுக்கு 6 வாக்குகள்; 'க' வெற்றி பெறுகிறார். ஆனால் எஞ்சிய 13 பேரும் அவரையே கடைசியில் வைத்திருக்கிறார்கள்! தனித்தனியாக எதிர்த்து நின்றால் 'ச'விடமும் தோற்பார், 'ம'விடமும் தோற்பார். பெரும்பாலோர் வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கியவரைப் பெரும்பாலோர் பெயரால் அரியணை ஏற்றும் முறை இது. இதற்குப் போர்தா சொன்ன பரிகாரம், முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று மதிப்பெண் தந்து கூட்டுவது. அப்படிக் கூட்டினால் 'க'வுக்கு 37, 'ச'வுக்கு 42, 'ம'வுக்கு 47 வருகின்றன. பழைய முறையில் முதலில் நின்றவர் கடைசிக்கும், கடைசியில் நின்றவர் முதலுக்கும் வந்துவிடுகிறார்கள். மக்களின் விருப்பங்கள் இம்மியும் மாறவில்லை. எண்ணும் முறை மாறியது, முடிவு தலைகீழாயிற்று.

அகாதெமி பின்னர் போர்தாவின் முறையைத் தன் உறுப்பினர் தேர்தலுக்குக் கைக்கொண்டது. வலிமை மிக்க எதிரியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி எழுதி அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாமே என்று சிலர் ஆட்சேபித்தபோது, தமது முறை நேர்மையானவர்களுக்காகவே ஏற்பட்டது என்று போர்தா பதிலளித்ததாகச் சொல்லுவார்கள். 1973-இல் ஆலன் கிப்பர்டும், 1975-இல் மார்க் சாட்டர்த்வெய்ட்டும், மூன்றும் அதற்கு மேலும் வேட்பாளர் உள்ள தேர்தலில், தனி ஒருவர் கைக்கு முடிவை விடாத எந்த முறையும் இத்தகைய தந்திரத்துக்கு எங்கேனும் வழிவிட்டே தீரும் என்று நிரூபித்தது பிற்காலத்துக் கதை.

இளையவர் கொந்தோர்சே பிரபு. 1743-இல் பிறந்தவர், அகாதெமியின் நிரந்தரச் செயலாளர், அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர், 1790-இலேயே பெண்களுக்கும் பிரஜா உரிமை வேண்டும் என்று எழுதியவர். பெரும்பான்மை வாக்கினால் செய்யப்படும் தீர்மானங்களுக்கு நிகழ்தகவுக் கணிதத்தைப் பொருத்தி 1785-இல் அவர் வெளியிட்ட நூல், அக்காலத்தில் படித்து முடித்தவர் சிலரே எனினும், அரசியல் கணிதத்தின் ஆதி நூல்களுள் ஒன்று. மதிப்பெண் முறையை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளரையும் மற்ற ஒவ்வொருவரோடும் இருவர் இருவராக நிறுத்தி வாக்கெடுத்து, அனைவரையும் வென்றவரையே மக்கள் விரும்பியவராகக் கொள்ளவேண்டும் என்பது அவர் கோட்பாடு. இதனினும் நியாயமான முறை வேறு எது இருக்க முடியும்?

ஆயினும் தமது கோட்பாட்டின் ஆபத்தைத் தாமே முதலில் கண்டு, கண்டதை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை கொந்தோர்சேயினுடையது. அவர் தரும் உதாரணத்தில் 60 வாக்காளர்கள் உள்ளனர். 23 பேர் க, ச, ம என்றும், 17 பேர் ச, ம, க என்றும், 2 பேர் ச, க, ம என்றும், 10 பேர் ம, க, ச என்றும், 8 பேர் ம, ச, க என்றும் வரிசைப்படுத்துகிறார்கள். 'க'வும் 'ச'வும் மோதினால் 33-க்கு 27 என்று 'க' வெல்கிறார். 'ச'வும் 'ம'வும் மோதினால் 42-க்கு 18 என்று 'ச' வெல்கிறார். அப்படியானால் 'க' என்பவர் 'ம'வை எளிதில் வெல்லவேண்டுமல்லவா? எண்ணிப் பார்த்தால் 35-க்கு 25 என்று 'ம' வெல்கிறார். க வென்ற ச, ச வென்ற ம, ம வென்ற க என்று பெரும்பான்மை வட்டமாகச் சுற்றுகிறது. 60 பேரில் ஒவ்வொருவரும் தம்மளவில் யுக்தி பிசகாதவர். அறுபதின்மரும் சேர்ந்து உரைத்த தீர்ப்போ யுக்திக்கு முரணானது. எவர் வென்றதாக அறிவிக்கப்பட்டாலும் அவரைவிட வேறொருவரே வேண்டும் என்று கூறும் ஒரு பெரும்பான்மை அங்கே காத்திருக்கிறது.

கொந்தோர்சேயின் முடிவு துயரமானது. மக்களாட்சியை மனமார வரவேற்ற அவர், பிரெஞ்சுப் புரட்சியின் சட்டசபையில் அரசனுக்கு மரண தண்டனை விதிப்பதை ஏற்க மறுத்தார். 1793-இன் தொடக்கத்தில் புதிய அரசியலமைப்பு ஒன்றை வரைந்து கொடுத்தார். அது தள்ளப்பட்டு வேறொன்று நிறைவேறியபோது அதனைக் கண்டித்து எழுதியதற்காக அவரைக் கைதுசெய்ய ஆணை பிறந்தது. வெர்னே என்னும் அம்மையார் வீட்டில் ஒன்பது மாத காலம் ஒளிந்திருந்து, உயிர் எந்த நேரம் போகும் என்று தெரியாத நிலையில், மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றிய தமது இறுதி நூலை அவர் எழுதினார். அடைக்கலம் தந்தவருக்குத் தம்மால் ஆபத்து வரலாகாதென்று 1794 மார்ச் மாதத்தில் அங்கிருந்து வெளியேறி, இரண்டே நாளில் பிடிபட்டு, சிறையறையில் இறந்து கிடந்தார். அவருடைய வட்டமும் அவரோடு மறைந்ததுபோலாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் டாட்ஜ்சன், அதாவது குழந்தைகளுக்கு ஆலிஸின் கதையைத் தந்த லூயிஸ் காரல், 1873-க்கும் 1876-க்கும் இடையே தம் கல்லூரி விவகாரங்களை முன்னிட்டு எழுதிய துண்டுப் பிரசுரங்களில் தாமாகவே அதனை மறுபடி கண்டார், அவையும் மறக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் நடுவில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டங்கன் பிளாக் மீண்டும் அப்பாதையில் நடந்து, வாக்காளர் விருப்பங்கள் யாவும் இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரே கோட்டில் அமைந்து, தத்தம் இடத்திலிருந்து விலக விலக ஒவ்வொருவருக்கும் விருப்பம் குறையுமானால், வட்டம் தோன்றாது, நடுவில் நிற்பவரின் விருப்பமே வெல்லும் என்று காட்டினார். பிளாக்கின் கட்டுரை 1948-இல் வெளிவந்தது.

சாந்தா மோனிக்காவில் ஒரு கோடைக்காலம்

அதே 1948-ஆம் ஆண்டின் கோடையில், கலிபோர்னியாவில் சாந்தா மோனிக்கா நகரத்து ராண்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு 27 வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் வந்திருந்தார். நியூயார்க்கில் பிறந்த கென்னத் ஆரோ, சிட்டி கல்லூரியில் மாணவராக இருந்தபோது, போலந்திலிருந்து வந்த தர்க்க மேதை ஆல்ஃப்ரெட் டார்ஸ்கியிடம் பாடம் கேட்டவர். டார்ஸ்கியின் தர்க்க நூல் ஆங்கிலத்தில் அச்சாகியபோது பிழை திருத்திக் கொடுத்தவர். ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவுகளை வரிசையாக ஆராயும் கலை அங்கே அவருக்குக் கைவந்திருந்தது. போர்க்காலத்தில் விமானப் படையின் வானிலை அதிகாரியாகச் சேவை செய்து திரும்பியவர், முனைவர் பட்டத்துக்கு உரிய விஷயம் அமையாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

ராண்ட் நிலையத்தில் அப்பொழுது விளையாட்டுக் கோட்பாட்டை அமெரிக்காவும் சோவியத் நாடும் எதிரெதிர் நின்ற நிலைமைக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஓலாஃப் ஹெல்மர் என்னும் தத்துவ அறிஞர் ஆரோவிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: ஆட்டக்காரன் தனி மனிதனாக இருந்தால் அவனுக்கு ஒரு விருப்பம் உண்டு என்று சொல்லலாம், ஒரு நாடே ஆட்டக்காரனாக இருந்தால் அதன் விருப்பம் என்பது யாது? பெர்க்சன் அதற்கு விடை தந்திருக்கிறார் என்றார் ஆரோ. அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்று ஹெல்மர் கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்த ஆரோ, பல விருப்பங்களை ஒன்றாக்கும் ஒரு முறையை எடுத்தார், பொருந்தவில்லை. வேறொன்றை எடுத்தார், அதுவும் பொருந்தவில்லை. எந்த முறையும் பொருந்தாமற் போவதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று இருக்கவேண்டும் என்ற ஐயம் அவருக்குத் தோன்றியது. அந்த ஐயமே 1950-இல் கட்டுரையாகவும், 1951-இல் சமூகத் தேர்வையும் தனிமனித மதிப்புகளையும் பற்றிய நூலாகவும் வெளிவந்து, ஒரு புதிய சாஸ்திரத்துக்கே பிறப்பிடமாயிற்று.

ஆரோ விதித்த நிபந்தனைகள், பின்னர் திருத்தம் பெற்ற வடிவத்தில், நான்கு. முதலாவது, மக்கள் எந்த வரிசையில் விரும்பினாலும் அந்த முறை ஒழுங்கான ஒரு சமூக வரிசையைத் தரவேண்டும்; இன்ன விருப்பம் கூடாதென்று எவரையும் தடுக்கலாகாது. இரண்டாவது, எல்லாரும் ஒருமுகமாக ஒன்றை மற்றொன்றினும் மேலாகக் கொண்டால் சமூகமும் அவ்வாறே கொள்ளவேண்டும். மூன்றாவது, இரண்டு பொருள்களுள் எது மேல் என்பதை அவ்விரண்டைப் பற்றிய விருப்பங்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். சம்பந்தமில்லாத மூன்றாவது பொருள் குறுக்கே வரலாகாது. நான்காவது, மற்றவர் என்ன விரும்பினும் தன் விருப்பமே சமூகத்தின் விருப்பமாகிவிடும் சர்வாதிகாரி ஒருவன் இருக்கலாகாது.

இவற்றில் மூன்றாவதே சற்று விளக்கம் வேண்டுவது. ஐவர் வாக்களிக்கும் ஒரு சிறு சபையில் மூவர் க, ச, ம என்றும், இருவர் ச, ம, க என்றும் எழுதுவதாகக் கொள்வோம். போர்தாவின் மதிப்பெண்படி 'க'வுக்கு 11, 'ச'வுக்கு 12, 'ம'வுக்கு 7, 'ச' வெல்கிறார். வெல்ல வாய்ப்பே இல்லாத 'ம' போட்டியிலிருந்து விலகிவிட்டாலோ, முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1 என்ற கணக்கில் 'க'வுக்கு 8, 'ச'வுக்கு 7, 'க' வெல்கிறார். க, ச இருவரைப் பற்றி ஐவரில் ஒருவரும் மனம் மாறவில்லை. தோற்பது உறுதியான மூன்றாமவர் நின்றதும் விலகியதுமே முடிவை மாற்றின. இத்தகைய தற்செயலுக்குச் சமூகத்தின் தீர்ப்பு ஆளாகக்கூடாது என்பதே ஆரோவின் கருத்து.

நான்கு நிபந்தனைகளில் எதையும் யாரும் அநியாயம் என்று தள்ளமாட்டார்கள். ஆயினும் தெரிந்தெடுக்க வேண்டிய பொருள்கள் மூன்றோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், நான்கையும் ஒருங்கே நிறைவேற்றும் முறை ஒன்றுகூட இருக்க முடியாது என்று ஆரோ நிரூபித்தார். நிரூபணத்தின் உயிர்நாடி கொந்தோர்சேயின் வட்டமே. தன் விருப்பத்தைச் சமூகத்தின் மேல் செலுத்தவல்ல ஒரு கூட்டம் இருப்பதாகக் கொள்வோம். எல்லாரும் சேர்ந்த கூட்டமாவது அத்தகையது என்பது இரண்டாம் நிபந்தனையால் உறுதி. அக்கூட்டத்தை இரண்டாகப் பிரிப்போம். முதற்பகுதி க, ச, ம என்றும், இரண்டாம் பகுதி ச, ம, க என்றும், வெளியில் நிற்பவர் ம, க, ச என்றும் விரும்பட்டும். இரு பகுதியும் 'ச'வை 'ம'வினும் மேலாகக் கொண்டதால் சமூகமும் அப்படியே கொள்ளும். இனி, சமூகம் 'க'வை 'ம'வினும் மேலாகக் கொண்டால், அவ்வாறு விரும்பிய முதற்பகுதி தனித்தே வென்றதாகும். கொள்ளாவிட்டால் 'ச'வை 'க'வினும் மேலாகக் கொள்ள நேரும், அப்படி விரும்பிய இரண்டாம் பகுதி தனித்தே வென்றதாகும். ஒரு ஜோடியில் தனித்து வென்ற பகுதி எல்லா ஜோடிகளிலும் வெல்லும் என்பதை மற்ற நிபந்தனைகள் நிறுவிவிடுகின்றன. ஆகவே வலிமை வாய்ந்த எந்தக் கூட்டத்தைப் பிரித்தாலும் அதன் ஒரு பகுதிக்கே முழு வலிமையும் போய்ச் சேர்கிறது. பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது ஒரே ஒருவர். அவரே சர்வாதிகாரி.

கல்கத்தாவில் கேட்ட கேள்வி

இந்த முடிவு வெளியானபோது சர்வாதிகார ஆட்சிகளின் நிழல் உலகத்தின்மேல் கவிந்திருந்தது. ஜனநாயகம் தர்க்கத்துக்கே ஒவ்வாதது என்று இதற்குப் பொருளா? 1952-இன் தொடக்கத்தில், கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரி மாணவர் சுகமய் சக்ரவர்த்தி, ஆரோவின் நூலைத் தம் சகபாடி அமர்த்திய சென்னின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கல்லூரித் தெருவின் காப்பிக் கடையில், ஜன்னலோரத்தில் அமர்ந்து, குளிர்கால வெயிலில் அந்தத் தேற்றத்தின் உட்பொருளைச் சுகமய் விளக்கிய நீண்ட பிற்பகல் ஒன்றைச் சென் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எதேச்சாதிகாரத்துக்கு இது ஒரு சாக்காகுமா என்பதே அவ்விருவரும் விவாதித்த கேள்வி.

சென்னுக்கு அது ஏட்டுக் கேள்வி அன்று. 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் சூறையாடியபோது அவர் பத்து வயது நிரம்பாத சிறுவன். 20 முதல் 30 லட்சம் பேரைக் கொண்டுபோன அப்பஞ்சத்தில், சாந்திநிகேதனத்து வழியாகப் பசித்த மக்கள் சாரிசாரியாகப் போவதைக் கண்டு, பாட்டனார் அனுமதித்த அளவாகிய ஒரு சிகரெட் டப்பா அரிசியைக் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்த கை அவருடையது. மாண்டவர் கிராமத்துக் கூலியாட்கள் போன்ற ஏழைகளே. தம் குடும்பத்தார், நண்பர் குடும்பத்தார் எவருக்கும் ஒரு குறையும் வரவில்லை என்பதை அவர் மறக்கவேயில்லை.

டில்லிப் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலத்தில் உருவாகி 1970-இல் வெளிவந்த அவருடைய நூல், ஆரோவின் தேற்றத்தில் தர்க்கப் பிழை தேடவில்லை. அத்தேற்றம் எந்தச் செய்திகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டது. மூவர் ஒரு தொகையைப் பங்கிட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்கு அதிகம் வரும் பங்கீட்டையே விரும்புவராயின், மூன்றாமவரின் பங்கைக் குறைத்து நாம் இருவரும் எடுத்துக்கொள்வோம் என்று இருவர் கொண்டுவரும் தீர்மானம் 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் நிறைவேறும். மூன்றாமவர் பெருஞ்செல்வராக இருந்தாலும் வாக்குச்சீட்டுகள் இவ்வாறே இருக்கும். அவர் பட்டினியால் சாகும் நிலையில் இருந்தாலும் இவ்வாறே இருக்கும். விருப்ப வரிசையை மட்டும் பார்க்கும் எந்த முறைக்கும் இவ்விரண்டு நிலைமைகளும் ஒன்றாகவே தென்படும். ஆகவே தேர்தல் முறையின் நுணுக்கத்தில் மட்டும் குறை இல்லை. ராபின்ஸ் காலத்தில் ஒருவர் நிலையை மற்றொருவர் நிலையோடு ஒப்பிடுவதையே சாஸ்திரத்திலிருந்து விலக்கியதுதான் பெரிய குறை. வரிசைகளைத் தவிர வேறெதையும் காணமாட்டேன் என்று கண்ணைக் கட்டிக்கொண்ட சமூகத்துக்கு, நியாயமான வழி தெரியாமற் போவதில் வியப்பில்லை.

ஒப்பிடுவது இயலாது என்றார்களே, அதற்கு விடை என்ன? அணுவளவும் பிசகாமல் ஒப்பிட வேண்டியதில்லை என்பது சென்னின் விடை. ரோமாபுரி எரிந்தபோது நீரோ மன்னன் அடைந்த மகிழ்ச்சியைக் காட்டிலும் வீடிழந்த ரோமானியர் அனைவரின் துன்பம் பெரிது என்று சொல்ல நுட்பமான தராசு எதற்கு? ஓரளவு ஒப்பிட முடிந்தாலே ஆரோவின் சுவரில் வழி திறந்துவிடுகிறது என்பதைச் சென் கணித முறைப்படி காட்டினார். பின்னும், மனத்தின் இன்பத்தை அளவையாகக் கொள்ளாமல், மனிதர் உண்மையில் பெற்றிருக்கும் உணவு, கல்வி, ஆயுள் ஆகியவற்றைப் பார்க்கலாம் என்றார். தன்னைப் பத்து மடங்கு மேலானவன் என்று எண்ணிக்கொள்பவனின் இறுமாப்பு அங்கே எடுபடாது. இன்னான் குழந்தை ஐந்து வயதுக்குள் இறந்தது, இன்னான் குழந்தை பிழைத்தது என்பது கண்ணால் காணும் உண்மை. 1981-இல் வெளியான பஞ்ச ஆராய்ச்சியில், 1943-இன் வங்கத்தில் கிடைத்த உணவு தானியம் பஞ்சமில்லாத 1941-ஐவிடக் குறைவன்று, அரிசி விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாததாலேயே உழைப்பாளிகள் மாண்டார்கள் என்று சென் எடுத்துக்காட்டியதும் இதே நோக்கின் விளைவு. பாகிஸ்தானத்துப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று, சென்னின் துணையோடு, ஐக்கிய நாடுகளின் சார்பில் 1990-இல் அமைத்த மனித மேம்பாட்டுக் குறியீடும் அந்த மரபில் வந்ததே. ஆரோவுக்கு 1972-இலும், சென்னுக்கு 1998-இலும் நோபல் பரிசு கிடைத்தது. 1968-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸையும் சேர்த்துக்கொண்டு இருவரும் ஒரே வகுப்பை நடத்தினார்கள் என்பதிலிருந்து, ஒருவர் மற்றவரை எதிரியாகக் கொள்ளவில்லை என்பதும் விளங்கும்.

போர்தா முதல் சென் வரை இரு நூறாண்டுகளில் தெளிந்த உண்மை இது: எண்ணிக்கை ஜனநாயகத்துக்கு இன்றியமையாதது, ஆனால் எண்ணிக்கை மட்டும் ஜனநாயகமாகாது. வாக்குகளை எண்ணுவதற்கு முன் ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்டறியவும், அதை வெளியிடும் பத்திரிகைகள் இருக்கவும், கேட்டதனால் மனம் மாறவும் இடமுள்ள சமூகத்திலேயே பெரும்பான்மையின் தீர்ப்பு மதிக்கத்தக்கதாகிறது. ஆரோவின் தேற்றத்தைக் காட்டி ஜனநாயகத்தைக் கைவிடச் சொல்பவர் அதைத் தலைகீழாகப் படித்தவர். கணக்கு தானாகவே நீதி வழங்காது, நீதியைப் பற்றி நாம் கூடிப் பேசியே ஆகவேண்டும் என்பதற்கு அதனினும் உறுதியான சான்று கிடையாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மக்களின் விருப்பம் இதுவே என்று எவரேனும், எந்த மேடையிலேனும் உறுதி கூறினால், இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: அந்த விருப்பம் எந்த முறையில் எண்ணப்பட்டது? எண்ணியவர்கள் யாருடைய நிலைமையைப் பார்க்காமல் விட்டார்கள்?